சித்திரம் கற்பித்த மாதர்

குழந்தை தன் மனத்தில் பட்டதைத் தானே வரையட்டும், அதன் கையைப் பிடித்து இழுக்க வேண்டியதில்லை என்ற அபிப்பிராயம் இன்று யாருக்கும் விசித்திரமாகத் தோன்றாது. சுவரில் கரிக்கட்டியால் கோடு போட்டதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் தந்தைகூட, அந்தக் கோட்டுக்குள் ஒரு யானையோ ரயிலோ ஒளிந்திருப்பதைக் கண்டு உள்ளூர மகிழத்தான் செய்கிறார். ஆனால் இந்த எளிய அபிப்பிராயம் பள்ளிக்கூடத்தின் வாசற்படியைத் தாண்டி உள்ளே நுழைந்து, கால அட்டவணையில் ஓர் இடம் பெற்று, அதிகாரிகளின் அங்கீகாரத்தையும் அடைந்தது மிக அண்மைக் காலத்து விஷயம். அதற்காக முன்னணியில் நின்று பாடுபட்டவர்களில் பலர், மாதச் சம்பளத்துக்கு வகுப்பறையில் நின்று பாடம் சொன்ன பெண்கள். கலைக் கல்வியின் சரித்திரத்தை எழுதியவர்கள் இவர்களை அடியோடு விட்டுவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. குறிப்பிட்டிருக்கிறார்கள்; இன்னாருடைய மாணவி, இன்னாருடைய மனைவி, இன்னார் கண்டெடுத்த ஆசிரியை என்று வேறொருவர் பெயரின் நிழலில் நிறுத்திக் குறிப்பிட்டிருக்கிறார்கள். இது அந்தப் பெண்களுக்குச் செய்த அநீதி என்பதோடு, இன்று நம் குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் சித்திர வகுப்புக்கு நேர்ந்த நஷ்டமும் ஆகும் என்பதே என் கட்சி.

அவர்கள் செய்த காரியத்தின் பெருமை விளங்க வேண்டுமானால், அவர்களுக்கு முன்னே சித்திரப் படிப்பு எந்த நிலையில் இருந்தது என்பதைச் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டும். பிரெஞ்சு நாட்டுத் துணிகளுக்கும் பீங்கான்களுக்கும் ஈடுகொடுக்கும்படி தம் நாட்டுச் சரக்குகளின் அலங்காரம் உயர வேண்டும் என்ற வியாபார நோக்கத்தோடு பிரிட்டிஷ் அரசாங்கம் 1837-ல் லண்டனில் ஒரு சித்திர வேலைப் பள்ளியைத் தொடங்கிற்று. 1851-ஆம் ஆண்டுப் பெரும் பொருட்காட்சிக்குப் பின்னர் ஹென்றி கோல், ரிச்சர்டு ரெட்கிரேவ் என்ற இரு அதிகாரிகள் அந்தக் கல்வியை நாடெங்கும் ஒரே அச்சில் வார்த்தார்கள். இருபத்துமூன்று படிகள் கொண்ட பாடத்திட்டம் அது. நேர்கோட்டில் தொடங்கி, அச்சிட்ட மாதிரிகளின் புறக்கோட்டை நகலெடுத்து, பிறகு சுண்ணாம்பு வார்ப்புகளுக்கு நிழல் தீட்டி, ஒவ்வொரு படியாக ஏறிச் செல்லும் மாணவன், தன் சொந்தக் கற்பனைக்கு இடமுள்ள கடைசிப் படிகளை எட்டுவதற்குள் பெரும்பாலும் படிப்பையே நிறுத்தியிருப்பான். தேர்வின் முடிவைப் பொறுத்தே உபாத்தியாயருக்கு உபரி வருமானம் என்ற ஏற்பாடும் சேர்ந்துகொண்டபடியால், வகுப்பறையில் நகலெடுப்பதைத் தவிர வேறொன்றுக்கும் நேரமோ தைரியமோ எவருக்கும் இல்லாமற் போயிற்று.

இந்த முறை இங்கிலாந்தோடு நின்றுவிடவில்லை. 1850-ல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிப் பின்னர் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட கலைப் பள்ளியும், பம்பாய், கல்கத்தா, லாகூர் நகரங்களின் கலைப் பள்ளிகளும் லண்டனின் சவுத் கென்ஸிங்டனிலிருந்து வந்த இந்தக் காற்றையே சுவாசித்தன. ‘லோயர்’, ‘ஹையர்’ என்று நம் ஊரில் வழங்கும் அரசு தொழில்நுட்பத் தேர்வுகளில் ‘ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்’, ‘மாடல் டிராயிங்’ என்ற பெயர்களைக் கண்டவர்கள், அவை எந்தக் காலத்தில் எந்த நோக்கத்துக்காகப் பிறந்தவை என்பதை இப்போது ஊகித்துக்கொள்ளலாம். ஆகையால் இங்கிலாந்தில் அந்த முறையை எதிர்த்து நின்றவர்களின் கதை நமக்கு அயலார் கதை ஆகாது.

பெண்கள் சித்திரக் கல்விக்குள் நுழைந்த வழியே ஒடுக்கமானது. லண்டன் ராயல் அகாடமி 1768-ல் தோன்றியபோது அதன் ஸ்தாபக உறுப்பினர்களில் ஆஞ்செலிகா காஃப்மன், மேரி மோஸர் என்ற இரண்டு பெண்கள் இருந்தார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் ஜோஹான் ஜோஃபனி அந்த அகாடமியின் அங்கத்தினர் பெரும்பாலோரை ஒரே படத்தில் தீட்டினார். ஆடையற்ற ஆண் ஒருவனை மாதிரியாக நிறுத்தி ஆண் உறுப்பினர்கள் சூழ்ந்து நிற்கும் காட்சி அது. அத்தகைய அறையில் மாதர் இருப்பது மரியாதை ஆகாது என்று கருதி, அந்த இருவரையும் சுவரில் மாட்டிய இரண்டு படங்களாக அவர் வரைந்துவைத்தார். அவர்களுக்குப் பின் ஒரு பெண் அந்த ஸ்தாபனத்தின் முழு உறுப்பினராவதற்கு 1936 வரை, லாரா நைட் வரும்வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று. அகாடமியின் பள்ளியிலோ 1860 வரை பெண் மாணவியே இல்லை. லாரா ஹெர்ஃபோர்டு என்பவர் தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் இட்டுத் தம் சித்திரங்களை அனுப்பி, ஆண் என்று எண்ணிய பரீட்சகர்களிடம் அனுமதி பெற்ற பிறகுதான் அந்தக் கதவு திறந்தது.

அரசாங்கச் சித்திரப் பள்ளியின் பெண்கள் கிளை 1842-ல் தொடங்கிற்று. அதற்குத் தலைமை வகித்தவர் ஃபானி மக்ஐயன் என்ற ஓவியர். ஸ்காட்லாந்து மலைநாட்டு வாழ்க்கையைப் பெரிய சரித்திரச் சித்திரங்களாகத் தீட்டிப் பெயர் பெற்றவர். 1857 வரை அந்தப் பள்ளியை நடத்தினார். குடும்பம் நொடித்துப் போய், தங்கள் கையால் சம்பாதித்துப் பிழைக்க வேண்டிய நிலையில் இருந்த நடுத்தர வகுப்புப் பெண்களே அங்கே மிகுதியாகச் சேர்ந்தார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பள்ளி ஸோமர்ஸெட் மாளிகையிலிருந்து வெளியேற்றப்பட்டு, எதிர்ப்புறத்தில் ஒரு சவர்க்காரக் கடைக்கு மேலிருந்த குறுகிய அறைகளுக்கு மாற்றப்பட்டது. இடநெருக்கடியையும், தம் மாணவிகளுக்குத் தரப்பட்ட படிப்பின் குறுக்கத்தையும் மக்ஐயன் அம்மையார் அதிகாரிகளிடம் விடாமல் எடுத்துச் சொன்னார். அவர் தீட்டிய படங்களைப் பற்றி யாராவது எழுதுகிறார்கள். பதினைந்து ஆண்டுகள் அவர் நடத்திய வகுப்பைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். படம் தீட்டுவது கலை, படம் தீட்டக் கற்றுக்கொடுப்பது பிழைப்பு என்று எண்ணும் மனோபாவம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அந்த மனோபாவத்தை உடைத்தவர்களுள் என் மதிப்பில் முதலிடம் பெறுபவர் மரியன் ரிச்சர்ட்ஸன். 1892-ல் கெண்ட் மாவட்டத்து ஆஷ்ஃபோர்டில் பிறந்து, பர்மிங்ஹாம் கலைப் பள்ளியில் படித்து, இருபது வயது நிரம்புவதற்குள், 1912-ல், தட்லி நகரத்துப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சித்திர உபாத்தியாயினியாக அமர்ந்தவர். தட்லி, நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்புலைகளும் புகையுமாகக் கிடந்த பிரதேசம். கறுப்பு நாடு என்றே அந்த வட்டாரத்துக்குப் பெயர். அங்கே வேலையை ஒப்புக்கொண்ட இளம்பெண், பாடத்திட்டத்தில் கண்டபடி நகலெடுக்கச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பர்மிங்ஹாமில் அவருக்குத் தலைமை ஆசிரியராக இருந்த ராபர்ட் கேட்டர்ஸன் ஸ்மித் ஓர் அபூர்வமான பயிற்சியை அவருக்குக் கொடுத்திருந்தார்: ஒரு படத்தை விளக்கொளியில் திரையில் காட்டி, பின் அதை மறைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டே நினைவிலிருந்து வரையச் சொல்வது அவருடைய வழக்கம். நினைவைப் பழக்குவதற்கென்று குருநாதர் கையாண்ட அந்த உபாயத்தைக் கற்பனையை எழுப்புவதற்கான உபாயமாக மாற்றியதுதான் ரிச்சர்ட்ஸனின் மேதை.

அவர் வகுப்பில் நடந்தது இதுதான். மாணவிகள் கண்களை மூடிக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். ஆசிரியை மெதுவான குரலில் ஒரு காட்சியை வருணிப்பார். தட்லியின் ஒரு தெருவாகவோ, அந்தியில் விளக்கேற்றிய ஒரு சிறு கடையாகவோ அது இருக்கும். அவர்கள் நாள்தோறும் கடந்து செல்லும் இடமாகவும், ஆனால் ஒருநாளும் நின்று பாராத இடமாகவும் இருக்கும். எந்த நிறம் எதன்மேல் விழுகிறது, எது முன்னே நிற்கிறது, எது இருளில் கரைகிறது என்று சொற்களாலேயே அவர் காட்டிக்கொண்டு போக, ஒவ்வொரு சிறுமியின் உள்ளத்திலும் அவளுக்கே உரிய ஒரு சித்திரம் எழும். பிறகு கண்ணைத் திறந்து, கண்டதை வரைய வேண்டும். ஆசிரியை கரும்பலகையில் ஒரு கோடும் இழுக்க மாட்டார். வேறு சில நாட்களில் வருணனையும் இராது. கண்ணை மூடி அமர்ந்து, தானாக மனத்திரையில் எழும் உருவத்துக்காகக் காத்திருக்க வேண்டும், எழுந்ததை வண்ணத்தில் பதிக்க வேண்டும். இன்னும் சில நாட்களில், புகை படிந்த அந்த ஊருக்குள்ளேயே அழகான பொருளைத் தேடிக் கண்டுவந்து சொல்லும்படி பணிப்பார்.

இதைச் சிலர் கட்டுப்பாடில்லாத முறை என்று தவறாக எண்ணினார்கள். இன்றும் அப்படி எண்ணுவோர் உண்டு. குழந்தைகளை அவர்கள் போக்கில் விட்டுவிட்டு ஆசிரியர் ஒதுங்கி நிற்பது சுலபம். ரிச்சர்ட்ஸன் ஒதுங்கி நிற்கவில்லை. நாற்பது பேர் நாற்பது விதமாகக் காணும்படி ஒரே காட்சியை வருணிப்பதற்கு எவ்வளவு சிரத்தையும் மொழி வன்மையும் முன்தயாரிப்பும் வேண்டும் என்பதை, ஒரு வகுப்பை ஒரு மணி நேரமாவது அமைதியாக உட்கார வைத்துப் பார்த்த எந்த உபாத்தியாயரும் அறிவார். கைக்குப் பதிலாகக் கண்ணுக்கும் உள்ளத்துக்கும் பயிற்சி கொடுத்தார் அவர்; பயிற்சியைக் கைவிட்டவர் அல்லர்.

1917-ல் வேறொரு வேலைக்கான நேர்காணலுக்காக லண்டன் சென்ற அவர், தம் மாணவிகளின் ஓவியங்களையும் கட்டி எடுத்துச் சென்றிருந்தார். அந்த வேலை கிடைக்கவில்லை. ஆனால் அதே சமயம் ரோஜர் ஃப்ரை என்ற பிரசித்தி பெற்ற விமர்சகர் ஒமேகா கலைக்கூடத்தில் குழந்தைகளின் சித்திரங்களைக் கண்காட்சியாக வைத்திருந்தார். பெரும்பாலும் அவருடைய கலைஞ நண்பர்களின் குழந்தைகள் வரைந்தவை. ரிச்சர்ட்ஸன் அங்கே சென்று தம் கட்டைப் பிரித்துக் காட்டினார். தொழிற்சாலை நகரத்துச் சாதாரணப் பெண்கள் வரைந்த அந்தப் படங்களைக் கண்டு வியந்த ஃப்ரை, உடனே அவற்றையும் தம் கண்காட்சியில் சேர்த்துக்கொண்டதோடு, பின்னும் பல ஆண்டுகள் அவற்றின் சிறப்பை எழுதியும் பேசியும் பரப்பினார். ஃப்ரையின் பெருந்தன்மையை நான் மெச்சுகிறேன். ஆயினும் கலைச் சரித்திர நூல்கள் பலவற்றில் இந்தச் சம்பவம் ஃப்ரை ஓர் ஆசிரியையைக் கண்டுபிடித்த கதையாகவே சொல்லப்பட்டு வருவதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர் கண்டபோது ரிச்சர்ட்ஸன் ஐந்து ஆண்டுகள் தம் முறையை நடத்திப் பயனும் கண்டுவிட்டார். கண்டுபிடிக்க வேண்டியது ஏதேனும் இருந்திருந்தால், அது லண்டன் தன் காதைத் திருப்ப வேண்டிய திசை ஒன்றுதான்.

1930-ல் லண்டன் மாவட்ட சபை அவரைச் சித்திரக் கல்வி ஆய்வாளராக நியமித்தது. அந்தப் பதவியில் அவர் செய்த காரியம், தட்லியில் செய்ததைவிடப் பெரிது என்பது என் எண்ணம். தனக்கு வாய்த்த ஒரு முறையைத் தன் வகுப்பில் நடத்துவது ஒன்று. சித்திரம் வரையவே தெரியாத, தெரியாது என்று அஞ்சிக்கொண்டிருந்த நூற்றுக்கணக்கான ஆரம்பப் பள்ளி ஆசிரியைகளை அதே முறைக்குப் பழக்குவது வேறு. சிறு பென்சிலையும் சிறு தாளையும் ஒதுக்கிவிட்டுப் பெரிய தூரிகையையும் பொடிச் சாயத்தையும் கனமான தாளையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். குழந்தையின் கை இயல்பாக அசையும் அசைவிலிருந்தே எழுத்தையும் அலங்காரக் கோலங்களையும் ஒருங்கே பழக்கும் ஒரு வரிசையை 1935-ல் வெளியிட்டார். கையெழுத்துப் பாடத்தையும் சித்திரப் பாடத்தையும் ஒன்றாகக் கண்ட அந்த நூல்கள் பல்லாண்டுகள் பள்ளிகளில் வழங்கின. 1938-ல் லண்டன் கவுண்டி மாளிகையில் அந்நகரத்துக் குழந்தைகளின் ஓவியங்களை அவர் காட்சிக்கு வைத்தபோது, அவற்றை வரைந்தவர்கள் மாவட்ட சபைப் பள்ளிகளில் படித்த பொதுஜனங்களின் குழந்தைகள் என்பதை நகரத்தார் கண்கூடாகக் கண்டார்கள். நோயினால் பதவியை விட்டு, 1946-ல் தட்லியிலேயே காலமானார். ‘ஆர்ட் அண்டு தி சைல்டு’ என்ற அவருடைய நூல் அவர் மறைந்த பின் 1948-ல்தான் வெளிவந்தது. கிழக்கு லண்டனின் ஸ்டெப்னி பகுதியில் ஓர் ஆரம்பப் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

குழந்தைக் கலை என்றவுடன் உலகம் சொல்லும் பெயர்கள் வேறு. வியன்னாவில் 1897-ல் சிறார் ஓவிய வகுப்பைத் தொடங்கிய ஃப்ரான்ஸ் சிஸெக், 1943-ல் கலை வழிக் கல்வியைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஹெர்பர்ட் ரீட் ஆகிய இருவரின் பெயர்களையும் கல்வியியல் நூல்களில் எவரும் காணலாம். அவர்கள் பெருமைக்கு உரியவர்களே. ஆனால் சிஸெக்கின் மாணவர்கள் வரைந்த படங்கள் முதல் உலக யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்துக்கு வந்து, ஊர் ஊராகச் சென்று, ஆசிரியர்களின் மனத்தை மாற்றியதற்குக் காரணமாயிருந்தவர் ஃப்ரான்செஸ்கா வில்ஸன் என்ற பெண். வியன்னாவில் பசியால் வாடிய குழந்தைகளுக்கு உணவளிக்கும் நிவாரண வேலைக்குச் சென்ற அவர், அந்த வகுப்பைக் கண்டு, அதே குழந்தைகளுக்காக நிதி திரட்டும் பொருட்டு 1920-ல் அந்தக் கண்காட்சியை நடத்தி, வகுப்பைப் பற்றிச் சிறு பிரசுரங்களும் எழுதினார். சிஸெக்கின் புகழை அறிந்தவர்கள் அந்தப் புகழைச் சுமந்து வந்தவரை அறிய மாட்டார்கள்.

ஜெர்மனியில் 1919-ல் வைமர் நகரத்தில் தோன்றிய பௌஹவுஸ் கலைப் பள்ளியின் கதையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. முதற்பருவத்தில் ஆண்களுக்கு ஈடாகப் பெண்கள் திரண்டு வந்து சேர்ந்ததைக் கண்டு கலங்கிய நிர்வாகம், அவர்களைப் பெரும்பாலும் நெசவுக் கூடத்துக்கே திருப்பிவிட்டது. அந்தக் கூடத்தைக் குந்தா ஸ்டோல்ஸல் அப்பள்ளியின் புகழ்பெற்ற பிரிவுகளுள் ஒன்றாக்கினார். கெர்ட்ரூட் க்ரூனோ என்ற முதிய இசையாசிரியை, ஒலிக்கும் நிறத்துக்கும் உடலசைவுக்கும் உள்ள உறவை ஆரம்ப ஆண்டுகளில் எல்லா மாணவர்களுக்கும் கற்பித்தார். இவர்களைப் பற்றித் தனியே எழுதலாம். நான் சொல்ல விரும்புவது அங்கே மாணவியாக இருந்த ஒருவரைப் பற்றி.

ஃப்ரீடில் டிக்கர் 1898-ல் வியன்னாவில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தார். தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். எழுதுபொருள் கடை ஒன்றில் வேலை பார்த்த தந்தை வளர்த்தார். ஜோஹன்னஸ் இட்டன் என்ற ஆசிரியரிடம் பயின்று, அவரைப் பின்தொடர்ந்து 1919-ல் பௌஹவுஸில் சேர்ந்தார். பிறகு பெர்லினிலும் வியன்னாவிலும் கட்டட உள்ளலங்காரம், மரச்சாமான், துணி, நாடக மேடை என்று பல துறைகளில் உழைத்தார். வியன்னாவில் அவரும் கூட்டாளி ஃப்ரான்ஸ் ஸிங்கரும் சேர்ந்து வடிவமைத்தவற்றுள் ஒரு மாண்டிஸோரி பாலர் பள்ளியும் உண்டு. பாலர் பள்ளி ஆசிரியைகளுக்குச் சித்திரம் கற்பிக்கும் வேலையும் அவருக்குக் கிடைத்தது. அரசியல் காரணத்தால் 1934-ல் சிறை சென்று, விடுதலையானதும் பிராக் நகரத்துக்குச் சென்று, அங்கே அகதிகளாக வந்திருந்த குழந்தைகளுக்கு ஓவியம் கற்பித்தார். பாவெல் பிராண்டெய்ஸ் என்பவரை மணந்தார். பாலஸ்தீனத்துக்குத் தப்பிச் செல்ல அனுமதி கிடைத்தும், கணவரை விட்டுச் செல்ல மனமில்லாமல் தங்கிவிட்டார். 1942 டிசம்பரில் நாஜிகள் இருவரையும் தெரஸின் முகாமுக்குக் கொண்டுசென்றார்கள்.

முகாமுக்குச் செல்பவர் ஐம்பது கிலோ சாமான்தான் எடுத்துச் செல்லலாம். தம் சாமானில் பெரும்பகுதியைத் தாளும் வண்ணமும் துணியுமாக அவர் நிறைத்துக்கொண்டார். தமக்காக மட்டும் கொண்டுசெல்லவில்லை. பசியும் நோயும் மரண பயமும் சூழ்ந்த அந்த இடத்தில், பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்ட குழந்தைகளின் விடுதிகளில், அவர் சித்திர வகுப்பு நடத்தினார். பள்ளிக்கூடம் நடத்துவது தடை செய்யப்பட்டிருந்தது. படம் வரைவதை மட்டும் காவலர்கள் பொருட்படுத்தாமல் விட்டிருந்தார்கள். அலுவலகப் படிவங்களின் வெற்றுப் பின்புறமும், கிடைத்த பொட்டலக் காகிதமுமே தாள். அந்த நிலையிலும் அவர் நடத்தியது பொழுதுபோக்கு வகுப்பு அன்று. இட்டனிடம் தாம் கற்ற முறைப்படி, தாளகதிக்கு ஏற்பக் கையை ஓட்டிக் கோடு பழகுவதில் தொடங்கி, வெளிச்சமும் இருளும், பூச்சாடி, பழைய ஓவிய மேதைகளின் படங்களைக் காகிதத் துண்டுகளால் மறுபடி இயற்றுதல் என்று கிரமமான பாடம். பிறகு, அவரவர் வீட்டை, மரத்தை, பட்டாம்பூச்சியை, நினைவில் நின்றதையெல்லாம் வரைய விட்டார். 1943-ல் அந்த முகாமுக்குள்ளேயே குழந்தைகளின் சித்திரங்களைக் கண்காட்சியாக வைத்து, குழந்தை ஓவியத்தைப் பற்றிச் சக ஆசிரியர்களுக்கு ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். நாளை உயிரோடிருப்போமா என்று தெரியாத ஒருவர், குழந்தை எப்படி வரைகிறது, ஆசிரியர் எவ்விடத்தில் தலையிடலாகாது என்பதை ஆற அமரச் சிந்தித்து உரைத்தார் என்பதை எண்ணும்போது, கல்வி என்ற சொல்லை இலேசாக உச்சரிக்க எனக்குக் கூசுகிறது.

அவர் வற்புறுத்திய ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு குழந்தையும் தன் சித்திரத்தில் தன் பெயரை எழுத வேண்டும். மனிதர்களை எண்களாக மாற்றுவதற்கென்றே அமைந்த ஓர் இடத்தில் அவர் அதைக் கேட்டார். 1944 செப்டம்பர் இறுதியில் கணவரை வேறிடத்துக்கு அனுப்பியபோது, தாமும் பின்தொடர்வதாகத் தாமாகவே பெயர் கொடுத்து அடுத்த ரயிலில் ஏறினார். அந்த ரயில் ஆஷ்விட்ஸுக்குச் சென்றது. அக்டோபர் 9-ஆம் தேதி அங்கே கொல்லப்பட்டார். கணவர் தப்பிப் பிழைத்தார். புறப்படுவதற்கு முன் இரண்டு பெட்டிகளில் அவர் சேர்த்து ஒளித்துவிட்டுச் சென்ற சுமார் 4,500 சித்திரங்கள், யுத்தம் முடிந்ததும் வில்லி க்ரோக் என்பவரால் பிராக் நகரத்து யூத சமூகத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டன. இன்று அவை அந்நகரத்து யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றை வரைந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் மாண்டுபோனார்கள். பெயர் எழுதியிருந்தபடியால்தான் இன்னாருடைய கை இது என்று இன்று சொல்ல முடிகிறது.

அந்தச் சித்திரங்கள் உலகப் பிரசித்தி பெற்ற பின்னும், அவற்றை வரைவித்த ஆசிரியையின் பெயர் நெடுங்காலம் அவற்றோடு சேர்ந்து செல்லவில்லை. எலெனா மகரோவா என்ற பெண்மணி பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1999-ல் வியன்னாவில் தொடங்கிய ஒரு கண்காட்சியின் மூலம் டிக்கருடைய வாழ்வையும் ஓவியங்களையும் ஒன்றுசேர்த்துக் காட்டினார். ஆனால் கற்பித்தல் சந்ததி இல்லாமற் போகவில்லை. பிராக் நகரில் அவரிடம் பயின்று, அகதிக் குழந்தைகளின் வகுப்பில் அவருக்குத் துணை நின்ற எடித் க்ரேமர், 1938-ல் அமெரிக்கா சென்று, மனம் நொந்த சிறுவர்களுக்குச் சித்திரத்தின் மூலம் ஆறுதலும் தெளிவும் அளிக்கும் முறையை வகுத்து நூல்கள் எழுதினார். ஓவிய வழிச் சிகிச்சை என்று இன்று மருத்துவமனைகளில் நடப்பதற்கு ஆதாரமிட்டவர்களுள் அவர் ஒருவர்.

நம் தேசத்தில் சாந்திநிகேதனத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அங்கே கலாபவனத்தின் பெருமையை நந்தலால் போஸின் பெயரால் அறிகிறோம். வங்காளத்துக் கிராமப் பெண்கள் விரதநாட்களில் அரிசிமாவினால் தரையில் வரையும் ஆல்பனாவை ஒரு கலைக்கல்லூரியின் பாடமாக ஆக்கத் துணிந்தது அவருடைய பெருமைதான். அந்தப் பாடத்தை நடத்தியவர்களோ, கிராம வாழ்விலிருந்து அதைக் கையோடு கொண்டுவந்த சுகுமாரி தேவியும், அவருக்குப் பின் பல ஆண்டுகள் அலங்காரக் கலையும் பத்திக் வேலையும் கற்பித்த, நந்தலாலின் மகள் கௌரி பஞ்சாவும். வீட்டு வாசலில் பெண்கள் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து வந்த ஒரு கலை, கல்லூரிக் கட்டடத்துக்குள் கௌரவத்தோடு குடியேறியது உலகக் கலைக் கல்வியிலேயே அரிய நிகழ்ச்சி. அதே கலாபவனத்தில் ஐரோப்பியக் கலைச் சரித்திரத்தை மாணவர்களுக்கு முதன்முதல் முறையாகப் போதித்தவர், வியன்னாவில் படித்து 1920-களின் தொடக்கத்தில் அங்கே வந்த ஸ்டெல்லா க்ராம்ரிஷ். இவர்களில் சுகுமாரி தேவியின் பெயரை அறிந்த ஓவிய மாணவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்?

யார் செய்தால் என்ன, காரியம் நடந்ததே போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு பாலத்தைக் கட்டியவர் பெயர் மறந்தாலும் பாலம் நிற்கும் என்பது உண்மை. கற்பித்தல் அப்படி நிற்பதில்லை. அதைச் செய்தவரின் குரலிலும் பொறுமையிலும் நாள்தோறும் அவர் எடுத்த முடிவுகளிலும் அது அடங்கியிருக்கிறது. அவரை மறந்தால், அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதும் மறந்து, பெயரளவில் ஒரு கொள்கை மட்டும் எஞ்சுகிறது. குழந்தையின் கற்பனையை வளர்க்க வேண்டும் என்று நமது பாடத்திட்டங்கள் எல்லாமே சொல்கின்றன. அதை எப்படிச் செய்வது என்று கேட்கும் ஆசிரியைக்குக் கையில் கிடைப்பதோ மறுபடியும் நகலெடுக்க வேண்டிய ஒரு படம்தான். கரும்பலகையில் ஒரு மாம்பழமும் ஒரு குடிசையும் இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு சூரியனும் வரைந்து, அதைப் போல் வரை என்று சொல்லும் வகுப்புகள் நம் ஊர்களில் இன்னும் நடக்கின்றன. ரிச்சர்ட்ஸன் தட்லிக்குச் சென்று நூறாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன.

இதற்கு ஆசிரியர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. 2012-ல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி முதலியவற்றைக் கற்பிக்க 16,000-க்கு மேற்பட்டவர்களைப் பகுதி நேர ஆசிரியர்களாக, மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமித்தது. ஊதியம் பின்னர் சிறிது சிறிதாக உயர்ந்தது. ஆனால் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் வீதியில் நின்று முறையிட வேண்டியிருந்தது. சித்திரம் கற்பிப்பது அரை வேலை என்று நாமே முத்திரை குத்திவிட்ட பிறகு, முழு ஆசிரியருக்குரிய சிரத்தையையும் ஆராய்ச்சியையும் அவரிடம் எதிர்பார்ப்பது முறையா? சவர்க்காரக் கடையின் மாடியில் மக்ஐயனுடைய வகுப்பை வைத்த அதிகாரிகளின் எண்ணத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை.

கல்வித் துறையினர் மனம் வைத்தால் எளிதில் செய்யக்கூடியவை சில உண்டு. ஓவிய ஆசிரியர் பயிற்சியில் ரிச்சர்ட்ஸன், டிக்கர், சுகுமாரி தேவி ஆகியோரின் வகுப்பு முறைகளை, வெறும் பெயர்ப்பட்டியலாக இன்றி, செய்து பார்க்கும் பாடமாகவே வைக்கலாம். அரசு தொழில்நுட்பத் தேர்வின் ஓவியத் தாளில், முன்னே வைத்த பொருளைப் பார்த்து வரைவதோடு, சொல்லக் கேட்டு மனத்தில் கண்டதை வரையும் ஒரு வினாவையேனும் சேர்க்கலாம். பகுதி நேரம் என்ற அடைமொழியை ஓவிய ஆசிரியர்களிடமிருந்து அகற்றலாம். தலைமையாசிரியர்கள், பரீட்சை நெருங்கும்போதெல்லாம் ஓவிய வகுப்பைப் பறித்துக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். பெற்றோரிடம் நான் கேட்பது இன்னும் எளியது. அடுத்த முறை உங்கள் பள்ளியின் ஆண்டுவிழாவில் குழந்தைகளின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்திருந்தால், ஒவ்வொரு படத்திலும் அதை வரைந்த குழந்தையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குக் கீழே, அந்தக் குழந்தைக்குக் கற்பித்த ஆசிரியையின் பெயரையும் எழுதிவைக்கும்படி பள்ளி நிர்வாகத்தைக் கேளுங்கள்.